மூன்று கிலோமீட்டர் கீரை

“கீரைக்குப் பாயுற தண்ணி எங்கேருந்து வருதுன்னு பலகையில எழுதணும், சார்.”

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்: எதற்கு வேண்டுமானாலும் வாயைத் திற, தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே. பாவம், மகளுக்குக் கிடைத்த வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

உணவக வாசலில் தொங்கும் பலகையைத் தினமும் எழுதுவது அவள் வேலை. இங்கே சமைப்பதெல்லாம் சுற்றுவட்டாரத்தில் விளைந்தது. வெண்டைக்காய், ஆறு கிலோமீட்டர். பூசணி, நான்கு. கீரை, மூன்று. அந்த மூன்று கிலோமீட்டர் கீரை அவள் அப்பாவின் தோட்டத்துடையது.

குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். வேதியியல் பட்டம். அந்தப் பட்டத்துக்கு முதலாளி கொடுத்த மரியாதை, ஒரு சாக்பீஸ்.

“தண்ணியை எழுதினா சூரியன் கோவிச்சுக்காதா? அதையும் சேர்த்து எழுதிடுவோமா?” என்றார் முதலாளி.

சமையல் மாஸ்டர் சிரித்தார். “பாப்பாவுக்குப் படிப்பு ஜாஸ்தி, வேலை கம்மி. அதான்.”

கீரையைச் சோதிக்கக் கொடுத்து வாங்கிய ஆய்வகத் தாளைக் காய் நறுக்கும் மேசைமேல் வைத்தாள். தோட்டத்துக்கு மேற்புறம் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை. அதைக் கழுவி விடும் தண்ணீர்தான் வாய்க்காலில் வருகிறது. கீரையில் ஈயம், இருக்கலாம் என்ற அளவைப் போல ஒன்பது மடங்கு.

இன்று பள்ளிக்கூடத்திலிருந்து அறுபது பிள்ளைகள் வருகிறார்கள். தங்கள் பக்கத்து மண்ணில் விளைவதைப் பார்த்து, தின்று, கட்டுரை எழுத. ஒரு மணிக்குச் சாப்பாடு.

“எழுத முடியாதுன்னா விடுங்க. அந்தப் பிள்ளைங்க தட்டுல இதைப் போடாதீங்க.”

முதலாளி தாளைப் படிக்கவில்லை. விரலில் இருந்த எண்ணெயை அதில் துடைத்தார்.

“நீ இதைத் தின்னுதானே வளர்ந்தே? ஒண்ணும் ஆகலையே. வாய்தான் நீண்டிருக்கு.”



அந்தக் கொட்டகை வந்து ஐந்து வருடம். ஐந்து வருடமாக அவள் வீட்டில் அந்தக் கீரை வேகவில்லை. உணவகத்தில் கீரைக் கட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பும் அப்பா, சந்தையில் வேறு ஊர்க் கீரையை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். விற்கிற சரக்கில் கை வைத்தால் தொழில் உருப்படாது என்பார். ஆய்வகத் தாள் கைக்கு வந்த அன்றுதான் அந்தத் துணிப்பை அவளுக்குப் புரிந்தது.

“எங்க வீட்டுல அதை யாரும் தொடுறதில்ல, சார்.”

மாஸ்டர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

முதலாளியின் முகம் கறுத்தது. பிறகு, பிடி கிடைத்துவிட்ட ஆளைப்போல மெல்ல மலர்ந்தது.

“அப்படிச் சொல்லு. தெரிஞ்சேதான் வித்திருக்கான் உங்கப்பன். நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நான் கை காட்டப் போறது அவனைத்தான். உள்ள போனா வெளிய வர வருஷக்கணக்காகும். போ, போய்ப் பலகையை எழுது.”

அவர் கை காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இன்று காலை ஒன்பதரைக்கே புகாரைக் கொடுத்திருந்தாள். ‘விளைவித்தவர் பெயர்’ என்ற கட்டத்தைப் படித்த குமாஸ்தா, அவள் பெயருக்கு முன்னிருந்த தலைப்பெழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “இவர் உனக்கு யாரும்மா?” என்று கேட்டார்.

சொன்னாள்.

அவர் தன் பேனாவை அவள் பக்கம் நீட்டினார். வேண்டுமானால் அந்தப் பெயரை அடித்துவிடு என்பதுபோல.

அவள் அதை வாங்கவில்லை.

இப்போது ஏப்ரனை அவிழ்த்து, கழுவி வைத்திருந்த கீரைக் குவியல்மேல் எறிந்தாள். வாசலுக்கு வந்தபோது அலுவலக ஜீப் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. ஒதுங்கி வழிவிட்டாள்.

இங்கே முடித்துக்கொண்டு அது எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நிற்காமல் அப்பாவின் தோட்டத்தை நோக்கி நடந்தாள்.