கிருமிப் பொருத்தம்

நோயாளிக்குப் புதுக் கிருமி தொற்றிவிடாமல் இருக்க, உறவினர் எல்லோரையும் சோதித்து, நோயாளியின் உடம்புக் கிருமிகளோடு யாருடையவை அதிகம் ஒத்துப்போகின்றனவோ அவரை மட்டுமே அறைக்குள் விடுவது அந்த மருத்துவமனையின் வழக்கம். கணவன் தாமோதரன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலில் நின்றான். கட்டிலில் கிடந்த செண்பகவல்லிக்கு, ஆபரேஷனுக்குக்கூட வராத பயம் இப்போது வந்தது.

"நீங்க இல்ல சார், உங்க அண்ணி" என்றாள் நர்ஸ்.

"எழிலரசி அண்ணியா? அண்ணனோட சண்டைன்னு பொம்பளைங்களும் பேசக் கூடாதுன்னு சொல்லிவச்சிருக்கேனே!"

"தினமும் ஒரே தட்டுல சாப்பிட்டாத்தான் சார் இவ்வளவு ஒத்துப்போகும்."

செண்பகவல்லி தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவளை முறைக்காதீங்க கொழுந்தனாரே. வெளிய போய் உக்காருங்க, உங்க அண்ணனும் அங்கதான் இருக்காரு" என்றபடி எழிலரசி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான் உண்டு என்பதை நினைத்ததும் செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்து தையல் வலித்தது.