கண்ணாடி அறை

பதினாறு வருடம், நான்கு மாதம், ஒன்பது நாள். அந்த ஹெட்போனை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அது காட்சிப்பொருளாக ஆணியில் தொங்கியது. டிவி ஸ்டுடியோ, நேரடி நிகழ்ச்சிகள் நடக்கும் அரங்கமாகிவிட்டது. அன்று தம்பி உட்கார்ந்திருந்த கண்ணாடி அறையில் பாப்கார்ன் விற்றார்கள்.

"உள்ள போலாம்க்கா, ஆரம்பிச்சிருவாங்க" என்றான் தம்பி. இந்த இடமே வேண்டாம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று வினாடி வினாவின் கடைசிச் சுற்று, நேரலை. மேடையில் நிற்பவருக்காகக் கண்ணாடி அறையில் இருக்கும் உறவினர், ஹெட்போனில் கேள்வியைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். பரிசு, வெளிநாட்டில் நான்கு வருடப் படிப்பு.

அக்கா போய்விட்டால் வீட்டில் டிவி ரிமோட் உனக்குத்தான் என்று தொகுப்பாளர் மைக்கில் சீண்ட, தம்பி வெட்கத்தோடு சிரித்தான். பிறகு கேள்வி. பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது? அவளே அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

தம்பி காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தான். முப்பது விநாடி அப்படியே ஓடிப்போயிற்று. மறுபடி கேட்க விதியில் இடமில்லை.

அவள் எங்கும் போகவில்லை. அதற்கு முன்பே படுக்கையில் விழுந்துவிட்டிருந்த அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, மிச்ச நேரத்தில் ஒரு பள்ளிச் சோதனைக்கூடத்தில் குடுவை கழுவினாள். தம்பி அடுத்த வருடமே வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். அப்பா போன மாதம்தான் கண்ணை மூடினார்.

"என்னம்மா, என்னைத் தெரியுதா?"

அன்றைய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவாளர். அவள் எழுதிய புகாரில் வேலை போனவர். அரங்கம் திறந்த பிறகு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்.

"எப்படித் தெரியாமப் போகும்? உங்க அஜாக்கிரதையால இவன் அன்னைக்கு ராத்திரி பூரா அழுதான்."

அவர் ஆணியிலிருந்த ஹெட்போனை எடுத்து, பக்கத்தில் மேடை மைக்கின் ஒலி வரும் பெட்டியில் செருகி, அவள் தலையில் மாட்டினார். மேடையில் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்த பாடகியின் மூச்சுகூடக் கேட்டது.

"அப்புறமா ரிப்பேர் பண்ணியிருப்பீங்க."

அவர் ஹெட்போனைத் திருப்பிக் காட்டினார். தினமும் காலையில் சோதித்து முடித்ததும் கையெழுத்துப் போட்டுத் திருகாணியின் மேல் ஒட்டும் காகிதம். அதில் வினாடி வினா நடந்த நாளின் தேதி. ஓரம்கூடக் கிழியவில்லை. அன்றைக்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை என்றார்.

"பிரிக்காம எப்படிம்மா ரிப்பேர் பண்றது? இதத்தான் அன்னைக்கும் காட்டினேன். ஒருத்தரும் பாக்கல."

அவள் அந்தக் காகிதத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தம்பியின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"நீயே சொல்லுடா. உனக்கு ஒண்ணும் கேக்கலன்னு இவர்கிட்ட சொல்லு."

தம்பி பாப்கார்ன் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சோளம் பொரிகிற சத்தம் அடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"எல்லாமே கேட்டுச்சுக்கா."