வழுக்கிய காந்தாரம்

டிரம்ஸ் நின்றது. கிதாரும் நின்றது. மேடையில் சுகாவின் குரல் மட்டும் தனியாக ஒலித்தது.

கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய பழைய தோழிக்கு வயிறு எரிந்தது.

முன்வரிசைக்கு சுகா பாஸ் அனுப்பியிருந்தாள். ‘கண்டிப்பா வாடி’ என்று ஒரு பூ படத்தோடு. அந்தப் பாஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, தானே டிக்கெட் எடுத்து, கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். பார்த்துவிட்டுப் போகலாம், பார்த்ததாகத் தெரிய வேண்டாம்.

கடைசி வரிசையில் அவளைத் தவிர யாரும் உட்காரவில்லை. எல்லோரும் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள்.

சுகா பாடுவது மோகன ராகம். நங்கநல்லூரில் மைத்ரேயி டீச்சர் வீட்டில் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அப்போது சுகாவின் பெயர் சுகந்தி. வகுப்புக்கு எப்போதும் தாமதமாக வருவாள். பாட்டைப் பாதி படித்துக்கொண்டு வருவாள்.

பெரிய பாட்டு ஒன்றும் இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கீழே போனால் வெறும் காற்றுதான் வருகிறது. வேகமாகப் பாடினால் ஸ்வரம் உதிர்கிறது. மைக் காப்பாற்றுகிறது.

இதையெல்லாம் கவனிக்க அந்த மைதானத்தில் வேறு ஆள் இல்லை.

அப்போது அந்த இடம் வந்தது.

மேலேயிருந்து இறங்கிய குரல், காந்தார ஸ்வரத்தில் நிற்க வேண்டியது, நிற்காமல் கீழே வழுக்கியது. கிதார்க்காரன் தந்தியை வளைத்து அங்கேயே வந்து சேர்ந்துகொண்டான். மைதானம் கத்தியது.

அந்த வழுக்கல் அவளுடையது.

பதினான்கு வயதில் அவள்தான் அங்கே வழுக்கினாள். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சர் தாளத்தை நிறுத்தினார்.

“காந்தாரம் வழுக்கறதுடீ. மறுபடி பாடு.”

மறுபடி பாடினாள். மறுநாளும் பாடினாள். விடியற்காலையில் எழுந்து எழுந்து, அந்த ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்தாள். இன்று அவளுடைய மத்தியானக் கச்சேரிக்கு வருகிற நாலு பேரும் அந்தக் காந்தாரத்தைத்தான் சொல்வார்கள். என்ன சுத்தம், என்ன சுத்தம்.

சிரித்தவள் அந்தத் தப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

இப்போது அதுதான் பாட்டு. ஆட்டோவில் ஓடுகிறது. கல்யாண மண்டபத்தில் ஓடுகிறது. அவளுடைய சொந்த மகள் குளிக்கும்போது பாடுகிறாள்.

பக்கத்து நாற்காலியில் நின்ற கல்லூரிப் பெண் அவளைப் பார்த்துக் குனிந்தாள்.

“செம்ம இல்ல ஆன்ட்டி?”

“தப்பாப் பாடறா.”

“ஐயோ, அந்த எடமா? அங்க வழுக்கணும் ஆன்ட்டி. அதான் பாட்டே.”

“தெரியும். வழுக்கறதையே தப்பா வழுக்கறா. அவ்வளவு கீழ போகக்கூடாது. போற மாதிரி போய், பாதியில பயந்து நிக்கணும்.”

பெண் நாற்காலியிலிருந்து இறங்கினாள். முகத்தில் கேலி இல்லை.

“எங்க, பாடிக் காட்டுங்க.”

யாரும் இப்படிக் கேட்டு நாளாகிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மேலேயிருந்து இறங்கினாள். காந்தாரம் வந்தது.

நின்றது.

தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை இறங்கினாள். இந்தத் தடவை வேண்டுமென்றே குரலை விட்டுப் பார்த்தாள். கண்ணுக்குள் அந்தப் பாய் வந்தது, டீச்சர் வந்தார், சுகந்தியின் பொத்திய வாய் வந்தது. வழுக்கல் மட்டும் வரவில்லை.

“நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி,” என்றாள் அந்தப் பெண், மனசு நோகாதபடி. “ஆனா இது அது இல்லியே.”

மறுபடி நாற்காலியில் ஏறிக்கொண்டாள்.

மேடையில் சுகா அந்த இடத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். மைதானம் முழுக்க ஒன்றாகச் சேர்ந்து இறங்கியது. படிக்காதவர்கள், பழகாதவர்கள், தாளம் தெரியாதவர்கள் எல்லோரும் அழகாக வழுக்கினார்கள்.

அவளும் பாடினாள்.

அவள் ஒருத்தி மட்டும் சரியாகப் பாடினாள்.