காட்டுப்பன்றி ஜாக்கிரதை

"எங்க வேணும்னாலும் போங்க. மாதா கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற காட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. காட்டுப்பன்னி இருக்கு. போன மாசம்கூட ஒருத்தரை முட்டித் தள்ளிடுச்சு."

ஒதீல் இந்தப் பொய்யைக் கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த லியோனி பயந்துபோய்க் கணவன் கஸ்பாரைப் பார்த்தாள். இருவரும் பிரான்சின் வடகோடியில் இருக்கும் லீல் நகரத்துக்காரர்கள். ஒதீல் வீட்டு மாடி அறையை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தங்க வந்தவர்கள்.

வில்மோரெல் கிராமத்தில் இருப்பதே பதினெட்டுப் பேர்தான். அந்தக் காட்டில் பன்றியும் இல்லை, நரியும் இல்லை. இருந்தது காளான். அக்டோபர் மழைக்குப் பிறகு ஓக் மரத்தடியில் முளைக்கும் குண்டுக் காளான். ஒதீலின் கல்யாணத்துக்கு முந்தின நாள் அவள் அம்மா அந்த இடத்தைக் காட்டி, புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஒதீல் சொல்லவில்லை. புருஷன் ஃபிர்மேனும் கேட்டதில்லை. அவனுக்கும் எங்கேயோ சொந்தமாக ஓர் இடம் இருந்தது. காளான் எங்கே பறித்தாய் என்று கேட்பது அந்த ஊரில் பீரோ சாவியைக் கேட்பது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை ஊர் விருந்து. ஒவ்வொரு வருஷமும் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி வாணலியில் காளான் வதக்கி வைப்பார்கள். எது யாருடையது என்று சொல்லாமல் ஊருக்கே கொடுத்து ருசி பார்க்கச் சொல்வார்கள். தோற்றவர் குளிர்காலம் முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும். மூன்று வருஷமாகக் கழுவிக் கழுவி ஒதீலுக்குக் கை மரத்துவிட்டது.

அதற்குக் காரணம் அவள் சமையல் இல்லை, ஒரு திருடன். அவள் போவதற்குள் யாரோ நல்ல காளானாகப் பார்த்து அறுத்துக்கொண்டு போய்விடுகிறான். கத்தியால் நறுக்கென்று அறுத்து, அடியை இலையால் மூடிவேறு வைக்கிறான். பக்கத்து வீட்டு பஸ்தியேன் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன், மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவன். ஆனால் வாய் திறந்து கேட்க முடியாது. கேட்டால் இடம் தெரிந்துவிடும்.

இது போதாதென்று, வந்தவர்களின் காரில் ஒரு பிரம்புக் கூடையும் சின்னக் கத்தியும் இருந்ததை ஒதீல் பார்த்துவிட்டாள்.

"இன்னைக்கு அந்த இடிஞ்ச கோட்டைக்குப் போங்க. சாயங்காலம் வரைக்கும் பொறுமையா பாருங்க" என்றாள்.

ஃபிர்மேன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கார்வரை போய், பக்கத்தில் நின்று வழி சொல்லி அனுப்பிவைத்தான். உபசாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

மறுநாள் குகை. அதற்கு மறுநாள் துறவிகள் மடம். அப்புறம் அருவி. நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனாள் ஒதீல்.

"நேத்துப் போன குகைக்குள்ள ஒரு ஏரி இருக்கு மதாம். தண்ணி பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க அடிக்கடி போவீங்களா?" என்று லியோனி கேட்டாள்.

"நானா? போனதே இல்ல" என்ற ஒதீலின் கண் கூடையிலேயே இருந்தது. "அதுக்குள்ள என்ன?"

"மடத்துல வாங்கின பாலாடைக்கட்டி. உங்களுக்கும் ஒண்ணு."

அன்று ஒதீல் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை, ரொட்டி வாங்க ஃபிர்மேன் பக்கத்து ஊருக்குப் போனதும் அவள் காட்டுக்கு ஓடினாள். பாதிக்கு மேல் யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு, பஸ்தியேனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே வீடு வந்தாள்.

ஞாயிறு மதியம் ஊர் நடுவில் நீள மேஜை போட்டார்கள். விருந்தாளிகளும் உட்கார்ந்தார்கள். பஸ்தியேன் இரண்டு வாணலியிலும் மாறி மாறி எடுத்துத் தின்றுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

"இடது பக்கம்தான். மண் வாசனையே தனி. வலது பக்கம் இருக்கே, அட்டைப்பெட்டிய வதக்கின மாதிரி இருக்கு."

ஊரே தலையாட்டியது. இடது பக்கம் ஃபிர்மேனுடையது.

"எல்லாம் இடத்தோட மகிமை ஒதீல்" என்றான் ஃபிர்மேன், மீசையைத் துடைத்துக்கொண்டே. "உன் இடத்து மண்ணு அவ்வளவுதான். நீ என்ன பண்ணுவ பாவம்."

"வாய மூடிட்டு சாப்பிடு."

நாலாவது குளிர்காலமும் போச்சு. அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. அந்த நேரம் பார்த்து லியோனி எழுந்து நின்றாள்.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோட்டை, குகை, மடம், அருவி, எதையும் விடல. ஒரே ஒரு குறைதான். மாதா கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற காட்டுக்குப் போக முடியல."

"ஏன் போகல?" என்றான் பஸ்தியேன்.

"பயம்தான். அங்க காட்டுப்பன்னி இருக்குன்னு மதாம் சொன்னாங்க. அப்புறம் இவங்க வீட்டுக்காரர் கார்கிட்ட வந்து, அதே காட்டுல விரியன் பாம்பு இருக்கு, அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்கன்னு காதோட சொன்னார்."

ஃபிர்மேன் கையிலிருந்த முள்கரண்டி பாதி வழியில் நின்றது. பஸ்தியேனைப் பார்த்தான், இரண்டு வாணலிகளையும் பார்த்தான், கடைசியில் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அப்போ இத்தனை வருஷமா எனக்கு முன்னாடி போய் அறுத்துட்டுப் போன அந்தத் திருட்டுப் பய..."

"பய இல்ல" என்ற ஒதீல், தன் மடியிலிருந்த துண்டை எடுத்து அவன் தோளில் போட்டாள். "எழுந்திரு. பாத்திரத்த ரெண்டு பேரும் சேர்ந்து கழுவலாம்."