எங்கிருந்து அளப்பது?

பழைய கோயில் மண்டபத்தில் ஓர் இரும்பு அளவு நாடா தூண்களை அளந்துகொண்டிருந்தது. உத்தரத்திலிருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்தது.

“என்ன தேடுறீங்க?”

“ஒரு தெய்வீக விகிதம். தூண்ல இருக்கு, சங்குல இருக்கு, தாமரையிலயும் இருக்கு.”

“அந்தத் தூணைப் பீடத்தோட சேர்த்து அளந்தீங்க. இதை மட்டும் பீடத்தை விட்டுட்டு அளக்கிறீங்களே?”

“அப்படி அளந்தாத்தான் கணக்கு வருது,” என்றது நாடா.

பல்லிக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. “என்கிட்டயும் இருக்கான்னு பாருங்களேன்” என்று இறங்கி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டிப் படுத்தது.

நாடா மூக்கிலிருந்து வால் நுனிவரை ஓடியது. “உடம்பு இவ்வளவு, வால் இவ்வளவு... அடேயப்பா, அதே விகிதம்! உன்னைப் படைச்சவனும் இந்தக் கோயிலைக் கட்டினவனும் ஒரே கணக்குப் படிச்சவங்க!”

பல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குள் நாடா சந்தோஷத்தில் சடக்கென்று தன் பெட்டிக்குள் சுருண்டது. அந்தச் சத்தத்தில் பல்லி வெலவெலத்துப்போக, வால் அறுந்து விழுந்து தரையில் துள்ளியது.

“ஐயோ, என் தெய்வீகம் போச்சே!” என்று பல்லி அழுதது.

வால் அறுந்த இடத்தை நாடா பார்த்துக் கொஞ்சம் யோசித்தது.

“அழாதே. அப்படியே அசையாமப் படு. இந்தத் தடவை கழுத்துலேர்ந்து ஆரம்பிப்போம்.”