நாலு மணிக் கடல்

பட்டையை அவன் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டினாள். காதை மூடும் கிண்ணங்களைச் சரியாக வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

“வந்துருச்சு,” என்றான்.

கறுப்புப் பொட்டி அவன் கண்களையும் பாதி மூக்கையும் மூடியிருந்தது. தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. பிறகு வலப்பக்கம். கடல் பார்க்கிறான்.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. போர்வெல் பைப் கழுத்தில் விழுந்த நாளிலிருந்து, ஆறு வருஷமாக.

காற்று மெத்தையின் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. அவள் அவன் வேட்டியை அவிழ்த்தாள்.

துடைப்பது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் தினமும் நாலு மணிக்கு இந்த அரை மணி நேரத்தில்தான். அவன் பார்க்காதபோது கை சீக்கிரம் ஓடுகிறது. மற்ற நேரமெல்லாம் அந்தக் கண்கள் அடுப்புக்கும் கதவுக்கும் அவள் பின்னாலேயே வரும். அவற்றுக்கு வேறு வேலை கிடையாது.

தொண்டு நிறுவனத்துப் பெண் மூன்று வாரம் முன்பு பொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே கடல் படம் ஓடும், அலைச் சத்தம் காதை அடைக்கும், தலையைத் திருப்பினால் கடலும் கூடவே திரும்பும். கூடவே ஒரு தாள். ‘வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர் பெயர்’ என்று அதில் ஓர் இடம். அந்தப் பெண்ணே அதில் அவன் பெயரை எழுதிக்கொண்டாள்.

பதினாலு வருஷம் போர்வெல் லாரியில் ஊர் சுற்றியவன். ராஜஸ்தான், ஒடிசா, சத்தீஸ்கர். வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவான்.

அவள் ஈரோட்டைத் தாண்டியதில்லை.

அவன் பெயர் செங்கோடன். அதை அவள் வாயால் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. பஸ்ஸில் திருச்செங்கோட்டுக்கு டிக்கெட் எடுக்கும்போதுகூட, “கடைசி ஸ்டாப்பு ஒண்ணு” என்பாள். கண்டக்டர்கள் சிரிப்பார்கள்.

வீட்டில், திரும்புங்க. வாயைத் தொறங்க. போதுங்களா.

அதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை.

பொட்டி வந்த மூன்றாம் நாள், “தண்ணி வேணுங்களா?” என்று கேட்டாள். பதில் இல்லை. குனிந்து காதுக்குப் பக்கத்தில் கேட்டாள். தலை கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

“செங்கோடா,” என்றாள்.

நாக்கு ஒரு மாதிரி இருந்தது. நன்றாகவும் இருந்தது.

“டேய் செங்கோடா.”

அன்றிலிருந்து நாலு மணி அவளுடையது.

இந்தச் செவ்வாய்க்கிழமை, “பதினாலு வருசம் நீ சுத்துன. இப்பவும் நீதான்டா கடலுக்குப் போற. எனக்கு என்ன வாங்கியாந்த? ஒடிசாவுலருந்து ஒரு சீப்பு. அதுலயும் நாலு பல்லு இல்ல,” என்றாள்.

புதன்கிழமை, “எங்கம்மா எழவுக்குப் போனேன். பொணத்தை எடுக்கறதுக்குள்ள ஓடியாந்தேன். உன்னைப் பொரட்டிப் போட,” என்றாள்.

இன்று வியாழன். ஆறியிருந்த புண்ணில் மறுபடி சீழ். பஞ்சை நனைத்தாள். ஒற்றினாள். நாற்றம் அடித்தது.

“அந்தப் பைப்பு உன் கழுத்துல உழுந்ததுக்கு, தலைமேல உழுந்திருக்கலாம்டா. ஒரே நாள்ல அழுது முடிச்சிருப்பேன்.”

தலை திரும்புவது நின்றது. பிறகு திரும்பியது.

அரை மணி ஆனதும் பொட்டியைக் கழற்றினாள். அதன் உள்விளிம்பில் முகத்தில் அழுந்தும் பஞ்சு ஈரமாக இருந்தது. நேற்றும் அப்படித்தான். வேர்வை. முந்தானையில் துடைத்தாள்.

“நல்லா இருந்துச்சு,” என்றான்.

“செரிங்க,” என்றாள்.

மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாயை மென்று விழுங்கியவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

“அந்தச் சீப்பு, வாங்கயில எல்லாப் பல்லும் இருந்துச்சு புள்ள. ரயில்ல நசுங்கிப்போச்சு.”

கை நின்றது.

“எந்தச் சீப்புங்க?”

அவன் வாயைத் திறந்தான். இட்லிக்கு.

ஊட்டி முடித்தாள். தட்டைக் கழுவினாள். பிறகு கட்டிலுக்குப் பின்னால் குனிந்தாள். பொட்டியின் சார்ஜர் பிளக் தரையில் கிடந்தது. திங்கட்கிழமை மெத்தை மோட்டாருக்கு இடம் வேண்டுமென்று அவள்தான் பிடுங்கினாள். திருப்பிச் செருகவில்லை. செருகி வைக்காவிட்டால் மறுநாள் பொட்டி ஓடாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

“என்ன தேடற?” என்றான்.

“சீமாறுங்க.”

சீமாறு கதவோரம், அவன் கண்ணுக்கு நேராகச் சாய்ந்திருந்தது.

செவ்வாய். புதன். வியாழன். மூன்று நாளும் “வந்துருச்சு” என்றான். மூன்று நாளும் இடம், வலம் என்று தலையைத் திருப்பினான்.

ஓடாத பொட்டி சூடாகாது. சூடாகாத பொட்டிக்குள் வேர்க்காது.

மத்தியானம் வரை அவன் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்தாள். துணி துவைத்தாள். இரண்டு தடவை அவனைப் புரட்டிப் போட்டாள். திரும்புங்க என்றுகூடச் சொல்லவில்லை.

நாலு மணிக்கு அவனே கேட்டான்.

“பொட்டிய மாட்டி உடு.”

பிளக் அங்கேயே கிடந்தது. எடுத்துச் செருக ஒரு நிமிஷம் ஆகாது.

அவள் குனியவில்லை. பட்டையை மாட்டினாள். கிண்ணங்களைக் காதில் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

“வந்துருச்சு,” என்றான்.

தலை மெல்ல இடப்பக்கம் போனது. வலப்பக்கம் வந்தது.

அவள் வேட்டியை அவிழ்க்கவில்லை. மருந்தை எடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அவன் காதோரம் உட்கார்ந்தாள். ஒரு காதின் கிண்ணத்தை விரலால் கொஞ்சம் விலக்கினாள்.

“செங்கோடா,” என்றாள். “இன்னும் சொல்ல இருக்குதுடா.”

தலை அவள் பக்கம் திரும்பி நின்றது.