ராம்சாமியின் அளவு

"ஏமாத்தினவன் பேரு அந்தப் பலகையில ஏறாது. அவ்வளவுதான்" என்றார் சுந்தரம்.

பிளாட் புஷ் தமிழ் சாப்ட்பால் கிளப்பின் கமிட்டிக் கூட்டம். சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, எல்லோர் கையிலும் ஆறிப்போன டீ. சாப்ட்பால் என்றால் பேஸ்பாலுக்குத் தம்பி முறை. பந்து மட்டும் கொஞ்சம் குண்டு.

பலகை எதிர்ச் சுவரில் தொங்கியது. கிளப்புக்குப் பெருமை சேர்த்தவர்களின் பெயர்கள், தங்க நிற எழுத்தில். மேலே ஐந்து, கீழே ஆறு, நடுவே ஒரு வரி காலி. எழுதியவர் பிஜிக்காரர் ராம்சாமி.

"அண்ணன் அன்னைக்கு ஸ்கேலை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டார்" என்று வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இன்றைய கேள்வி, நிமலன் பெயரை எழுதலாமா, கூடாதா?

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நடந்த இறுதி ஆட்டத்தில், நிமலன் அடித்த பந்துகள் வேலி தாண்டித் தாண்டிப் பறந்தன. அப்போது சுந்தரம்தான் கேப்டன். நிமலனின் மட்டையைக் கையில் எடுத்தவருக்கு அதன் எடை குறைவாக இருந்தது உறுத்தியது. பந்து கூடுதல் தூரம் போகட்டும் என்று உள்பக்கத்தைச் சுரண்டி மெலிதாக்கிய மட்டை. அவரே கொண்டுபோய் நடுவரிடம் கொடுத்தார். கோப்பை கைவிட்டுப் போனது. நிமலனுக்கு இரண்டு வருடத் தடை.

"அவர்தான் அப்பவே சொன்னாரே சார், யார்கிட்டயோ வாங்கின பழைய மட்டை, சுரண்டியிருந்தது தெரியாதுன்னு" என்றாள் சரோஜாதேவி.

"சொன்னான்."

"அதுக்கப்புறம் அவர் மட்டையையே தொடல. ஆனா மழையோ வெயிலோ, சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்து மைதானத்துல கோடு போடுறது யாரு? உங்களுக்கு மனசே கிடையாதா?"

"கோடெல்லாம் நேராத்தான் போடுறான். நான் கேக்கறது வேற."

"சொந்த டீமோட கோப்பையையே தூக்கிக் குடுத்தவர்கிட்ட மனசைத் தேடுறாங்க பாரு" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சுந்தரத்துக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்காத மாதிரி டீயைக் குடித்தார்.

"ஓட்டு எடுத்துடலாம். நிமலன் அங்கிள் பேர் வேணுங்கறவங்க கை தூக்குங்க" என்றாள் செயலாளர் அபர்ணா.

சரோஜாதேவியின் கைதான் முதலில் ஏறியது. மளமளவென்று மற்ற கைகளும். சுந்தரம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. நிமலன். மூட்டையை அடுக்கிவிட்டு வந்த கையெல்லாம் கோடு போடும் வெள்ளைப் பொடி.

"நான் ஒண்டு கதைக்கலாமோ?"

"உங்களுக்காகத்தான் இங்க சண்டையே. உக்காருங்க" என்றாள் சரோஜாதேவி.

அவர் உட்காரவில்லை.

"அந்த மட்டையை நான்தான் சுரண்டினனான். என்ர கராஜில வைச்சு. தெரியாது எண்டு சொன்னது பொய்."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"ஏன் அங்கிள் இப்போ போய்..." என்றாள் அபர்ணா.

"பலகையில பேர் வரப்போகுது எண்டு மகளிட்டச் சொன்னன். அவளுக்கு ஆரோ அந்த மட்டைக் கதையைச் சொல்லியிருக்கினம். 'இஸ் இட் ட்ரூ, டாட்?' எண்டு கேட்டாள். ஊருக்கெல்லாம் சொன்ன பதில் அவளிட்ட வாயில வரேல்லை. என்ர பேர் வேண்டாம். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

சரோஜாதேவியின் முகம் சுருங்கியது. "அப்போ இத்தனை வருசமும் எங்ககிட்ட பொய்யா? உங்களுக்காக நான் எத்தனை பேர்கிட்ட வாதாடியிருப்பேன்!"

அவள் கை இறங்கியது. மற்ற கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின.

ஒரே ஒரு கை மட்டும் மேலே ஏறியது. சுந்தரத்தின் கை.

"இப்போ எழுதலாம்."

"சார்! இவ்வளவு நேரம் நீங்கதானே வேண்டாம்னீங்க?"

"ஏமாத்தினவன் பேரு ஏறாதுன்னேன். ஏமாத்தினேன்னு வாயைத் திறந்து சொன்னவனைப் பத்தி நான் எதுவும் சொல்லலையே." நிமலன் பக்கம் திரும்பினார். "நல்ல மட்டையிலயும் உன்னை மாதிரி அடிச்சவன் இந்தக் கிளப்புல கிடையாது. ஏமாத்தினேன்னு சொல்ல உனக்குப் பன்னிரண்டு வருசமாடா?"

நிமலன் கண்ணைத் துடைத்தார். கன்னத்தில் வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டது.

கைகள் மறுபடியும் ஏறின. சரோஜாதேவியின் கை கடைசியாக ஏறியது. ஆனால் ஏறியது.

அபர்ணா பலகையைப் பார்த்தாள். "கீழ இடமே இல்லையே. பேசாம, ராம்சாமி அங்கிள் தப்பா விட்ட அந்த வரியிலயே எழுதிடலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த ராம்சாமி கப்பைக் கீழே வைத்தார்.

"நான் தப்பா விடலம்மா."

"பின்னே?"

"அந்த மேட்ச் முடிஞ்ச வாரம். பாபகூராவுல என் ஷெட்ல வெச்சு ஆறாவது பேரை எழுதப் போறேன், ஒருத்தர் வந்து நின்னாரு. 'அண்ணே, ஒரு வரி விட்டு எழுதுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னாரு."

"அண்ணே, போதும்" என்று சுந்தரம் அவசரமாக இருமினார்.

"சும்மா இருப்பா. பன்னிரண்டு வருசமா இவங்க கிண்டலை எல்லாம் வாங்கிக்கிட்டேன், இன்னைக்காவது சொல்ல விடு." ராம்சாமி அபர்ணாவைப் பார்த்தார். "'எதுக்கு இடம்?'னு கேட்டேன். 'அது நிமலனோட வரி. உண்மையைச் சொல்ல அவனுக்கு நாளாகும். ஆனா சொல்லுவான், அண்ணே'ன்னாரு."